சுவரோரத்துப் பற்றரி

லெட்சுமணன் தன் பழைய நீலச் சட்டையை அலுமாரியிலிருந்து எடுத்து வெயிலில் காயப்போட்ட அன்றைக்குத்தான் மனைவி தவமணி கரையிலிருந்த படகுப் பற்றரிக் கொட்டகையை ஒரு கை பார்ப்பது என்று முடிவெடுத்தாள்.

"பூஞ்சணம் பிடிச்சிருக்கு தவம். அதான் கொஞ்சம் வெயில் காட்டுறேன்" என்றார் லெட்சுமணன்.

சட்டையில் பூஞ்சணம் ஒரு பொட்டுக்கூட இல்லை. கொழும்பில் அவர் வாட்சராகக் காவல் வேலை பார்த்த காலத்துச் சட்டை அது. தோளில் பட்டி, நெஞ்சில் பெயர் தைத்த துண்டு. வேலையை விட்டு மூன்று வருடமாகியும் "எதுக்கும் இருக்கட்டும்" என்று மடித்து வைத்திருந்தார். இப்போது அந்த 'எதுக்கும்' வந்துவிட்டது என்று அவர் நினைக்கிறார். முதல்நாள் பின்னேரம் கிணற்றடியில் நின்று பழைய மேற்பார்வையாளரோடு அவர் தொலைபேசியில் பேசியதும் அவளுக்குத் தெரியும். சட்டையைக் கொடியில் மறுபக்கம் புரட்டிப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

நடந்தது இதுதான். கண்டியிலிருந்து திகனைப் பக்கமாகப் போனால் மலைகளுக்கு நடுவே விக்டோரியா நீர்த்தேக்கத்தின் தண்ணீர் கைவிரல்களைப்போல உள்ளே நுழைந்து கிடக்கும். அந்த விரல்களில் ஒன்றின் இக்கரையில் தவமணியின் வீடு. அக்கரையில் நாற்பது குடும்பங்கள். றோட்டால் சுற்றிவந்தால் பதினேழு கிலோமீற்றர். படகில் பன்னிரண்டு நிமிடம். படகை ஓட்டுகிறவர் லெட்சுமணன். எரிபொருளுக்கு மைல் கணக்கில் வரிசை நின்ற வருடத்தில் படகுச் சங்கம் பழைய பெற்றோல் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் பூட்டியது. கரையில் தகரக் கொட்டகை, கூரையில் சூரியத்தகடுகள், உள்ளே நான்கு பற்றரிகள். இரண்டு பற்றரி சேர்ந்தால்தான் மோட்டார் ஓடும். ஒரு சோடி தண்ணீரில் உழைக்கும்போது மறு சோடி கொட்டகையில் வெயிலைக் குடிக்கும். மத்தியானம் மாற்றுவார்கள்.

இரண்டரை வருடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு படகு இரண்டு தடவை நடுத்தண்ணீரில் நின்றுவிட்டது. முதல் தடவை பள்ளிக்கூட ஆசிரியைகள் நாலுபேர். துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்து, சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். இரண்டாம் தடவை கிளினிக் போகிற கர்ப்பிணிப் பெண் ஒருத்தி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் யாரும் சிரிக்கவுமில்லை. கதை படகுகளுக்கு அனுமதி கொடுக்கிற அலுவலகம்வரை போய், அங்கிருந்து கடிதமாகத் திரும்பி வந்தது. வருகிற மாதம் இருபத்தெட்டாம் திகதி அதிகாரி வந்து நாள் முழுக்கப் படகில் இருந்து பார்ப்பார். அன்றைக்கு அது நின்றால் பயணிகளை ஏற்றும் அனுமதி புதுப்பிக்கப்படாது.

அனுமதி இல்லையென்றால் படகு இல்லை. படகு இல்லையென்றால் லெட்சுமணனுக்குக் கொழும்பு.

தவமணிக்கு அதில்தான் சம்மதமில்லை. அவள் பிறந்தது வடக்கே வடமராட்சியில். தொண்ணூறாம் ஆண்டு போரால் ஊரில் மின்சாரம் நின்று, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி றேடியோ கேட்ட காலத்தில், கண்டியில் ஆசிரியராக இருந்த சிற்றப்பா வீட்டுக்கு வந்தாள். கன்னியாஸ்திரிகள் நடத்திய முதியோர் இல்லமொன்றில் பராமரிப்புப் பயிற்சிக்குச் சேர்ந்தாள். ஆறு மாதப் பயிற்சி, முப்பத்தொரு வருட வேலை. அந்த இல்லத்தின் தோட்டத்துக்குப் புல் வெட்ட வந்தவர்தான் லெட்சுமணன். புல்லை வெட்டினாரோ இல்லையோ, வெட்டிய கத்தியைக் கழுவித் துடைத்து அதே ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போவார். அந்த ஒழுங்குக்காகத்தான் அவரைக் கட்டினேன் என்று அவள் மகளிடம் சொல்வதுண்டு. கலியாணமாகி மூன்று வருடத்தில் அவர் கொழும்புக்குப் போனார். மாதத்தில் இரண்டு நாள் வருவார். ஒரு நாள் தூங்குவார், மறுநாள் கிளம்புவார். இப்படி இருபத்துநான்கு வருடம். மகள் சிந்துஜா வளர்ந்து, படித்து, கலகெதரையில் கலியாணம் முடித்துப் போன பிறகுதான் அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒன்றாகக் குடியிருக்கத் தொடங்கினார்கள்.

முதல் ஆறு மாதம் லேசாக இருக்கவில்லை. மனிதர் குறட்டை விடுவார், தேத்தண்ணீரில் சீனியை அள்ளிப் போடுவார், கதவுகளை மூன்று தடவை பூட்டிப் பார்ப்பார். பழகுவதற்குப் பாடுபட்டாள், பழகியும் விட்டாள். பாடுபட்டுப் பழகியதை இனி ஏன் விட வேண்டும்?

மறுநாள் காலை ஆறு மணிக்கு முதல் பயணம் புறப்பட்டதும் தவமணி கொட்டகைக்குள் நுழைந்தாள். பழைய ஏப்ரன் ஒன்றைக் கட்டியிருந்தாள். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு றப்பர் உறை.

கொட்டகை மருந்தகம்போலத் துப்புரவாக இருந்தது. அது லெட்சுமணனின் வேலை. இருபத்துநான்கு வருடம் சாவிக்கொத்துகளைக் காவல் காத்தவர். எந்தச் சாவிக்கும் ஓர் ஆணி, எந்த ஆணிக்கும் ஒரு நம்பர். பற்றரிகளுக்கும் அப்படியே வெள்ளைப் பெயின்ற்றில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதி, மரப்பலகையில் அவை இருக்க வேண்டிய இடத்தையும் கோடு போட்டு வைத்திருந்தார். ஒன்றும் இரண்டும் ஒரு சோடி, மூன்றும் நான்கும் மறு சோடி. பலகையில் இரண்டு இடம். கதவுப் பக்கத்து இடம் ஒன்றுக்கும் மூன்றுக்கும். சுவரோர இடம் இரண்டுக்கும் நான்குக்கும். சுவரில் சார்ஜர் பெட்டி. பெட்டிக்கு மேலே பிள்ளையார் படம். படத்தைச் சுற்றி மாலைபோலச் சின்னச் சின்ன நிற விளக்குகள். பகலிலும் மின்னும். அக்கரையிலிருந்து பார்த்தாலும் ஒரு பொட்டாகத் தெரியும்.

பற்றரியைச் சில்லுக் கதிரையில் வைத்துத்தான் துறைக்கு உருட்டிக்கொண்டு போவார்கள். முதியோர் இல்லத்தில் நோயாளிகளை உட்காரவைத்துத் தள்ளி, பழசானதும் கழித்துவிட்ட கதிரை அது. ஒரு பற்றரி முப்பது கிலோ. "உங்கட இல்லத்துக் கெழவிங்களவிட இது பாரம்" என்பார் லெட்சுமணன். "கத்தாது, அதுவரைக்கும் நல்லம்" என்பாள் தவமணி.

அவள் முதலில் செய்தது, ஒவ்வொரு பற்றரிக்கும் ஓர் அட்டை எழுதிக் கயிற்றில் தொங்கவிட்டதுதான். கட்டில் தலைமாட்டில் தொங்குமே, அதே மாதிரி. வந்த திகதி, காலை நிலை, மாலை நிலை, ஊற்றிய தண்ணீர். நிலையைப் பார்க்க லெட்சுமணனிடம் ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது: மேலே றப்பர்க் குமிழ், உள்ளே ஒரு மிதவை. பற்றரியின் வாயைத் திறந்து அமிலத்தைக் கொஞ்சம் உறிஞ்சினால் மிதவை எழும்பும். பச்சைக் கோட்டில் நின்றால் வயிறு நிறைந்திருக்கிறது, மஞ்சளில் நின்றால் அரை வயிறு, சிவப்பில் நின்றால் பட்டினி.

"இதெல்லாம் எதுக்கு? பெட்டியில பச்ச லைட் எரிஞ்சா ரெண்டும் நெறஞ்சிருச்சுன்னு அர்த்தம்" என்றார் லெட்சுமணன், மத்தியானம் வந்து அட்டைகளைப் பார்த்துவிட்டு.

"அது ரெண்டையும் கூட்டித்தானே பாக்குது?"

"ஆமா. ரெண்டும் ஒன்னா கோத்திருக்குல்ல."

"ரெண்டு நோயாளியின்ர காய்ச்சலைக் கூட்டிப் பாதியாக்கினா, ரெண்டு பேருக்கும் சுகம் எண்டுதான் வரும். ஒராள் செத்துப்போயிருப்பார்."

அவர் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனார். ஒரு கிழமை அவள் சொன்னபடி அட்டைகள் நிரம்பின. இரண்டாம் நம்பர் சிவப்பு. நான்காம் நம்பர் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே. ஒன்றும் மூன்றும் எப்போதும் பச்சை. ஆனால் அவற்றுக்குத் தண்ணீர் விட்டு மாளவில்லை, கொதிக்கிற பானைபோல உள்ளே இருந்ததை எல்லாம் ஆவியாக்கிக்கொண்டிருந்தன.

இரண்டாம் நம்பர்தான் குற்றவாளி என்று லெட்சுமணன் எப்போதோ தீர்ப்பெழுதி வைத்திருந்தார். அலவத்துகொடையிலிருந்து வருகிற மின்வேலைக்காரர் ஸாகியும் அதைத்தான் சொன்னார். ஸாகி போன மாசி மாதம் வந்து சார்ஜர் பெட்டியைக்கூட மாற்றிப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். இதில் ஒரு சங்கதி: இரண்டாம் நம்பர் பழைய பற்றரியே இல்லை. பழைய இரண்டு செத்துப்போய், சங்கம் புதிதாக வாங்கிக் கொடுத்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

புதிதாக வந்தவளுக்கும் அதே வருத்தமா என்று யோசித்தபடி அரிசி களைந்துகொண்டிருந்தபோதுதான் தவமணிக்கு ஏழாம் நம்பர்க் கட்டில் நினைவுக்கு வந்தது.

இல்லத்தில் யன்னல் மூலையில் கிடந்த கட்டில். அதில் படுத்த மூன்று கிழவிகளுக்கு, ஒருத்தி போய் மற்றவள் வர, இடது இடுப்பில் ஒரே இடத்தில் படுக்கைப்புண் வந்தது. முதலாமவளுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, என்றார்கள். இரண்டாமவள் சாப்பிடுவதில்லை என்றார்கள். மூன்றாமவளுக்கு, நேரத்துக்குப் புரட்டிப் போடாத பராமரிப்புப் பிள்ளையைப் பிடித்து ஏசினார்கள். அந்தப் பிள்ளை அழுதுகொண்டு வந்து நின்றபோது தவமணி மெத்தையைத் தூக்கிப் பார்த்தாள். கீழே பலகை ஒன்று உடைந்து துருத்திக்கொண்டிருந்தது. ஆளை மாற்றியும் புண் மாறவில்லை என்றால் கட்டிலைப் பார்க்க வேண்டும். அன்றைக்குப் படித்த பாடம்.

அரிசியை அடுப்பில் வைத்துவிட்டு நேரே துறைக்குப் போனாள். நாளையிலிருந்து இரண்டாம் நம்பர் கதவுப் பக்கம் இருக்கட்டும், ஒன்று சுவரோரம் வரட்டும் என்றாள். லெட்சுமணனுக்கு அது பிடிக்கவே இல்லை. கோடு போட்ட இடம், நம்பர் எழுதின இடம்; ஓர் ஆணிச் சாவியை யாராவது மற்ற ஆணியில் மாட்டினால் அவர் எடுத்துத் திருப்பி மாட்டுவார். மூன்று தடவை ஏன் என்று கேட்டார். நான்காம் தடவை அவள், "பத்து நாளைக்குத்தான். பிறகு நீங்கள் பழையபடி அடுக்கி வையுங்கோ" என்றாள். மூன்றையும் நான்கையும் அப்படியே விட்டாள். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் எது எதனால் வந்தது என்று தெரியாது.

பத்து நாள் தேவைப்படவில்லை. எட்டாம் நாளே அட்டை பேசியது. சிவப்பில் கிடந்த இரண்டாம் நம்பர் மஞ்சளுக்கு ஏறியிருந்தது. எப்போதும் பச்சையாக இருந்த ஒன்றாம் நம்பர் மஞ்சளுக்கு இறங்கியிருந்தது. நான்கு, சுவரோரத்தில், போட்டது போட்டபடி.

பின்னேரம் படகைக் கட்டிவிட்டு வந்த லெட்சுமணனின் கையில் அட்டைகளைக் கொடுத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு வரியாகப் படித்தார். கொழும்பில் வாகன நம்பர் எழுதிப் பழகிய மனிதர். வரிசையாக எழுதியதை அவரால் நம்பாமல் இருக்க முடியாது.

"அப்ப பற்றரி பிழையில்ல" என்றார் மெதுவாக.

"இல்ல. கட்டில்தான் பிழை."

இருவரும் சேர்ந்து சுவரோர இடத்தைத் தடவிப் பார்த்தார்கள். தடித்த வயர் இரண்டும் சரி. முனைகள் சரி. தவமணி முழந்தாளில் இருந்து, ரோச் வெளிச்சம் அடித்துப் பலகைக்குப் பின்னால் பார்த்தாள். முனையின் திருகாணிக்கு அடியில், தடித்த வயரோடு ஒட்டிக்கொண்டு, நூல்போல இன்னொரு வயர். அது சுவரைப் பிடித்து மேலே ஏறியது. தைப்பொங்கலுக்கு லெட்சுமணன் சுவருக்கு நீலம் அடித்தபோது அதற்கும் சேர்த்து அடித்துவிட்டிருந்தார், அதனால் கண்ணுக்குத் தெரியவில்லை. விரலால் தடவிக்கொண்டே போனாள். வயர் சார்ஜர் பெட்டியைத் தாண்டி, பிள்ளையார் படத்துக்குப் பின்னால் போய் நின்றது.

லெட்சுமணன் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் அதைக் கொழுவியவர். படகு புதிதாக ஓடத் தொடங்கிய முதல் சதுர்த்திக்கு, பயணிகள் எல்லாரும் சேர்ந்து கேட்டார்கள் என்று. அந்த விளக்குமாலைக்கு ஒரு பற்றரியின் வலு போதும். இரண்டிலும் சேர்த்துக் கொடுத்தால் எரிந்துபோகும். ஆகவே கைக்கு எட்டிய ஒன்றில் கொழுவினார். சுவரோரம்தான் கிட்ட.

"அது சுண்டுவிரல் சைஸ் வெளக்கு தவம். என்னத்தக் குடிச்சிறப் போவுது அது?"

"சேலைன் துளித்துளியாத்தான் ஏறுது. ஆறு மணித்தியாலத்தில ஒரு போத்தல் முடிஞ்சிடுது. ஏறுற மாதிரித்தான் இறங்குறதும். இது ரெண்டரை வருசமா, நாள் முழுக்க ஒரே ஆளிட்ட இருந்து உறிஞ்சுது."

அவர் பலகையில் உட்கார்ந்துவிட்டார். கணக்கு அவருக்கும் விளங்கிவிட்டது. சுவரோரத்தில் இருப்பது விளக்குக்கும் கொடுத்து மெலிகிறது. பெட்டியோ இரண்டையும் கூட்டிப் பார்த்து வெயிலைச் சமமாகவே விடுகிறது. மெலிந்ததற்கு அது போதாது. நிறைந்ததற்கு அது அதிகம், அதனால்தான் கொதிக்கிறது. பச்சை விளக்கு எரிகிறது. படகு நடுத்தண்ணீரில் நிற்கிறது.

அவள் திருகாணியைத் தளர்த்தி நூல் வயரைக் கழற்றினாள். விளக்குமாலை அணைந்தது. லெட்சுமணன் தன்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிறகு ஸாகிக்குத் தொலைபேசி எடுத்து, பெட்டி மாற்ற வந்த அன்றைக்கு அந்த வயரைக் காணவில்லையா என்று கேட்டாள்.

"கண்ட, அக்கா" என்றார் ஸாகி. "அண்டைக்கே கண்ட. சாமிட லைட்டு. அதுக்கு நான் எப்பிடி கை வெக்கிற? நான் கழட்டிட்டுப் போய், பொறகு படகுக்கு ஒண்டு ஆகிச்செண்டா ஒங்கட ஆக்கள் என்னைத்தானே ஏசுவாங்க."

"கழற்ற வேண்டாம் தம்பி. ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"லெச்சுமணன் அண்ணன் எவ்வளவு ஆசையா கொழுவியீந்தார் எண்டும் பாத்த, அக்கா."

மரியாதையால் ஒரு பற்றரி செத்தது என்று தவமணி நினைத்தாள். ஆனால் அவரை ஏச மனம் வரவில்லை. மெலிந்த இரண்டையும் தனித்தனியே நிரப்ப வழி என்ன என்று கேட்டாள். ஒரு தகட்டைப் பிரித்து ஒற்றைப் பற்றரிக்குக் கொடுக்கலாம், ஞாயிற்றுக்கிழமை வந்து செய்து தருகிறேன் என்றார் ஸாகி. இருபத்தெட்டாம் திகதிக்கு இன்னும் பதினெட்டு நாள்.

மறுநாள் காலை இன்னொரு வில்லங்கம் வந்தது. அதன் பெயர் நல்லம்மா.

நல்லம்மா அக்கரையிலிருந்து தினமும் முதல் படகில் வருகிறவர். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்று, இப்போது இக்கரைச் சந்தியில் கீரைக்கட்டு விற்கிறார். கட்டையான ஆள், நெட்டையான நாக்கு. இறங்கியதும் கொட்டகை வாசலில் நின்று பிள்ளையாருக்கு ஒரு செம்பருத்திப்பூ வைத்துவிட்டுத்தான் சந்திக்குப் போவார். அன்றைக்கு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சாமி வெளக்கு எங்கங்க?"

தவமணி காரணத்தைச் சொன்னாள். நல்லம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, வெளக்கு எரிஞ்சப்பவே ரெண்டு வாட்டி நின்ன படகு, வெளக்கையும் அமத்திட்டா என்ன ஆகும் என்று கேட்டார். பின்னால் நின்ற இரண்டு பேர் தலையாட்டினார்கள். சாமி விளக்கு எரியாதபோது படகில் பின்னேரம் தான் ஏறப்போவதில்லை என்றும், பதினேழு கிலோமீற்றரும் பஸ்ஸில் போவதாகவும் சொல்லிவிட்டுக் கீரையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். சொன்னபடியே செய்தார். அடுத்த நாள் ஏழு பேர் பஸ்ஸில் போனார்கள். அதிகாரி வருகிற நாளில் படகு வெறுமையாக ஓடினால், ஆளே ஏறாத படகுக்கு அனுமதி எதற்கு என்பார்.

மூன்றாம் நாள் நல்லம்மா சமாதானத்துக்கு ஒரு வழியோடு வந்தார். கையில் கர்ப்பூரப் பெட்டி. மின்சார வெளக்கு வேணாம்னா போகட்டும், காலையில ஒரு சூடம், சாயங்காலம் ஒரு சூடம், நானே கொளுத்துறேன் என்றார்.

தவமணி வாசலில் குறுக்கே நின்றாள்.

"நல்லம்மாக்கா, இதுக்குள்ள நெருப்புக்குச்சி கிழிக்கவே விடமாட்டன். பற்றரி கொதிக்கேக்க வாற வாயு ஒரு பொறிக்கு வெடிக்கும். ஒட்சிசன் சிலிண்டருக்குப் பக்கத்தில சூடம் கொளுத்துவினமோ?"

"அப்ப சாமிய இருட்டுல போட்டு வச்சிருக்கச் சொல்றீங்க."

"இருட்டில வச்சது நான் இல்லை. நாங்கள் எல்லாரும்தான்." தவமணி படத்தைக் கையால் காட்டினாள். "பிள்ளையார் எங்க இருக்கிறவர்? ஆத்தங்கரையில, குளத்தங்கரையில, மரத்தடியில. காத்தும் வெயிலும் படத்தானே இருக்கிறவர். அவரைக் கொண்டுவந்து தகரக் கொட்டிலுக்குள்ள, அமில மணத்துக்குள்ள அடைச்சு வச்சிட்டு, மாலை மாதிரி லைட்டும் போட்டுவிட்டிருக்கிறம். உங்களுக்கு ஒரு யன்னலில்லாத அறை தந்தா இருப்பியளோ?"

நல்லம்மா கழுத்தை நீட்டினார். படத்தைப் பார்த்தார். கண்ணாடிச் சட்டத்தின் ஓரம் அமில ஆவியில் பச்சை பூத்திருந்தது. அதை இதுவரை யாரும் கவனித்திருக்கவில்லை. தவமணியே அப்போதுதான் கண்டாள், ஆனால் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

"தொறயில அந்த மருத மரம் இருக்குல்ல" என்றார் நல்லம்மா கடைசியில். "கெழக்க பாத்த மாதிரி வைக்கணும்."

"கிழக்குப் பக்கம்தான் வெயிலும் நல்லா விழும்."

ஞாயிற்றுக்கிழமை ஸாகி வந்தார். கூரையில் ஏறித் தகட்டைப் பிரித்துக் கொடுத்தார். பையிலிருந்து மோட்டார்சைக்கிள் பற்றரி ஒன்றையும், பாடப்புத்தகம் அளவிலான சூரியத்தகடு ஒன்றையும் எடுத்து வைத்தார். யார் கேட்டார்கள் என்று லெட்சுமணன் பார்த்தார், யாரும் கேட்கவில்லை. வீட்டில் சும்மா கிடந்தது என்று சொல்லிவிட்டு ஸாகி மருத மரத்தடிக்குப் போனார். லெட்சுமணன் அங்கே நான்கு கம்பு நட்டு, மேலே தகரம் போட்டு, படத்துக்கு ஒரு மாடம் கட்டியிருந்தார். சட்டத்தைத் தவமணி சோடா மா போட்டுத் துடைத்துக் கொடுத்தாள். நல்லம்மா நல்ல நேரம் பார்த்துப் படத்தை வைத்தார். ஸாகி ஓரமாக நின்று வயரை மட்டும் நீட்டினார். கொழுவுவதை லெட்சுமணனே செய்யட்டும் என்றார். விளக்குமாலை எரிந்தது. கொட்டகைக்குள் இருந்ததைவிடத் தூரத்துக்குத் தெரிந்தது.

"இனி அவர் தன்ர சோத்தைத் தானே சாப்பிடுவார்" என்றாள் தவமணி.

"வாயக் கழுவுங்க" என்றார் நல்லம்மா. ஆனால் பின்னேரம் படகில்தான் போனார்.

மிச்சம் எல்லாம் பொறுமை. மெலிந்தவர்களுக்கு ஒரேயடியாக ஊட்டக் கூடாது என்பது தவமணிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான்காம் நம்பரைத் தனியே இரண்டு பகல், இரண்டாம் நம்பரை மூன்று பகல், மெதுமெதுவாக நிரப்பினார்கள். அந்த நாட்களில் படகு மிச்சமிருந்த பற்றரிகளோடு பாதிப் பயணமே ஓடியது. போகமுடியாதவர்களுக்குத் தவமணி முதல்நாளே சொல்லிவிட்டாள். பிறகு சோடிகளை மாற்றினாள். ஒன்றும் மூன்றும் ஒரு சோடி, இரண்டும் நான்கும் ஒரு சோடி. ஒரே அளவு பசி உள்ளவர்கள் ஒரே பந்தியில் இருந்தால்தான் பரிமாறுகிறவனுக்கு லேசு. லெட்சுமணன் பலகையில் போட்ட வெள்ளைக் கோடுகளைச் சுரண்டி எடுத்தார். கிழமைக்கு ஒருமுறை சுவரோரத்தில் இருப்பதும் கதவோரத்தில் இருப்பதும் இடம் மாறின. படுத்திருப்பவரைப் புரட்டிப் போடுவதுபோல.

இருபத்தெட்டாம் திகதி காலையிலேயே வானம் மூடிக்கொண்டிருந்தது. அதிகாரி குடையோடு வந்தார். நடுவயதுச் சிங்களவர், அதிகம் பேசாதவர். தவமணி கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு முதல் படகில் ஏறினார். லெட்சுமணன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மத்தியானம் வரை ஒன்றும் மூன்றும் எந்தக் குறையுமில்லாமல் ஓடின. மாற்றுகிற நேரத்தில் அதிகாரி கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். தொங்கிய அட்டைகளைக் கையில் எடுத்துப் புரட்டினார். லெட்சுமணனிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். லெட்சுமணன் தவமணியைக் காட்டினார். அதிகாரி அட்டையை இருந்த இடத்திலேயே தொங்கவிட்டார்.

பின்னேரம் இரண்டும் நான்கும் போயின. வெயில் இல்லாத நாள், எதிர்க்காற்று வேறு. கடைசிப் பயணம் அக்கரைக்குப் போய் ஆளில்லாமல் திரும்ப வேண்டும். போகும்போது பன்னிரண்டு பேர். நல்லம்மா முன்வரிசையில் வெறும் கூடையோடு.

தவமணி துறையில் நின்றாள். படகு நடுத்தண்ணீரை நெருங்கியபோது வேகம் குறைந்ததுபோல இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். குறைந்தது நிச்சயம். லெட்சுமணன் எழுந்து நின்றார். அவர் குனிந்தால் துடுப்பை எடுக்கிறார் என்று அர்த்தம். அவர் குனியவில்லை. கையை நீட்டி இடதுபக்கம் எதையோ காட்டினார். படகு வலப்பக்கம் வளைந்து, மீன்வலையின் மிதவை ஒன்றைச் சுற்றிப் போய், மறுபடி நேரானது. தவமணி அப்போதுதான் ஏப்ரனில் கையைத் துடைத்தாள். கை ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது.

திரும்பி வந்ததும் கண்ணாடிக் குழாயை எடுத்துக்கொண்டு போய்ப் படகிலேயே பார்த்தாள். இரண்டு, மஞ்சள். நான்கு, மஞ்சள். இரண்டும் ஒரே உயரம். அதுதான் அவளுக்குக் கையெழுத்து. அதிகாரியின் கையெழுத்து அதற்குப் பிறகு வந்தது. இரண்டு வருடத்துக்கு அனுமதி. பற்றரிக்கு அட்டை வைக்கும் முறையைத் தொடர வேண்டும் என்று கீழே ஒரு வரியும் எழுதியிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிந்துஜா கலகெதரையிலிருந்து வந்து, அப்பா மறுபடியும் கொழும்புக்குப் போகிறாராமே என்று கேட்டாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். லெட்சுமணன் தேத்தண்ணீரில் மூன்றாம் கரண்டி சீனியைப் போட்டுக்கொண்டே, அங்க இப்ப எல்லாம் கமெரா வச்சிட்டாங்க, ஆளு தேவையில்ல என்றார். தவமணி சீனிப் போத்தலை மூடித் தன் பக்கம் இழுத்து வைத்தாள்.

மறுநாள் காலை முதல் படகு போனதும் அலுமாரியைத் திறந்து நீலச் சட்டையை எடுத்தாள். தோள்பட்டியையும் பொத்தான்களையும் வெட்டித் தையல் பெட்டியில் போட்டாள். மிச்சத்தை எட்டுத் துண்டாகக் கிழித்தாள். நல்ல தடித்த பருத்தி. ஈரத்தை நன்றாக உறிஞ்சும். பற்றரியின் மேற்பக்கத்தைத் தினமும் துடைத்து உலர வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரத்தின் வழியே மின்சாரம் ஒழுகும், அதுவும் ஒரு கசிவுதான். நான்காம் நம்பரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது லெட்சுமணன் சில்லுக் கதிரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். துணியைப் பார்த்தார். பெயர் தைத்த துண்டு ஒரு மூலையில் தெரிந்தது.

"அமிலம் பட்டா ஓட்டையாயிருமே" என்றார்.

"ஆகட்டும்" என்றாள் தவமணி. "மற்றப் பக்கத்தைப் பிடியுங்கோ. இண்டைக்கு இதுக்கு இடம் மாறுற நாள்."